இரண்டு வருஷம் என்று சொல்லியிருந்தேன்

சிங்கப்பூரின் செம்பவாங்கில் ஒரு கப்பல் பட்டறையில் இருபத்தொரு வருஷம் வேலை பார்த்தேன். கப்பலைப் பழுது பார்ப்பது என் வேலையில்லை. பழுது பார்க்க எத்தனை நாள் ஆகும் என்று சொல்வதுதான் என் வேலை. அடித்தகட்டை மாற்ற ஒன்பது நாள், சுக்கானைக் கழற்றிச் சரிசெய்து மாட்ட ஆறு நாள், துருவைச் சுரண்டிச் சாயம் பூச நான்கு நாள் என்று கட்டம் கட்டமாக அட்டவணை போடுவேன். எல்லாவற்றையும் கூட்டி, அதோடு மூன்றில் ஒரு பங்கைச் சேர்த்து மேலே அனுப்புவேன். மழை பெய்யும், உதிரிப் பாகம் வந்து சேராது, வெல்டருக்குக் காய்ச்சல் வரும். அந்த மூன்றில் ஒரு பங்கு அதற்காக. பெரும்பாலும் நான் சொன்ன நாளில் கப்பல் தண்ணீரில் இறங்கிவிடும். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

நாற்பத்தேழு வயதில் ஆள்குறைப்புப் பட்டியலில் என் பெயரும் வந்தது. கடைசி நாளில் கேக் வெட்டினார்கள், தோளில் தட்டினார்கள், ஒரு தொகையும் கொடுத்தார்கள். இரண்டு மாதம் எங்கெங்கோ வேலைக்கு எழுதிப் போட்டேன். பாதிப் பேர் பதிலே போடவில்லை. மீதிப் பேர் மிகவும் மரியாதையாகப் பதில் போட்டார்கள், அது இன்னும் எரிச்சலாக இருந்தது. அந்த நேரத்தில்தான் ஒரு ஹோட்டலில் நடந்த இலவசப் பேச்சுக்குப் போனேன். கறிபாப் பலகாரமும் தேநீரும் கொடுத்து, பங்குச் சந்தை டிரேடிங் கற்றுக்கொள்ளலாம், வீட்டில் உட்கார்ந்தபடியே சம்பாதிக்கலாம், மூன்றே மாதம் போதும் என்றார் மேடையில் இருந்தவர். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பல். அவர் சொன்ன மூன்று மாதத்தை நான் நம்பவில்லை. ஆனால் கற்றுக்கொள்ளலாம் என்றாரே, அதை நம்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் வீட்டிலிருந்து நான்கு பேருந்து நிறுத்தம் தள்ளி இருக்கும் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு உதவியாளராக இருந்தாள். குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது, படுக்கையில் புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் அவள் வேலை. அங்கே அவளுக்கு அப்போது பதினோரு வருஷம் ஆகியிருந்தது. சீருடையை மடித்துக்கொண்டே கேட்டாள், "இது உங்களுக்குக் கை வர எத்தனை நாளாகும்?"

நான் அன்றைக்கே ஒரு தாளை எடுத்து அட்டவணை போட்டேன். வரைபடம் படிக்க மூன்று மாதம், பயிற்சிக் கணக்கின் பொய்க் காசில் பழக நான்கு மாதம், சின்னத் தொகையில் பழக ஆறு மாதம், பெரிய தொகைக்குப் போய் நிலைக்க ஐந்து மாதம். மொத்தம் பதினெட்டு. மூன்றில் ஒரு பங்கைச் சேர்த்தால் இருபத்து நான்கு. "ரெண்டு வருஷம்" என்றேன், கப்பல் முதலாளியிடம் சொல்லும் அதே குரலில்.

அவள் மடித்த சீருடையின் கசங்கலை விரலால் நீவினாள். எனக்குக் காரணம் தெரியும். அவளுக்கும் ஒரு இரண்டு வருஷம் பாக்கி இருந்தது. நர்ஸ் படிப்பு. இல்லமே செலவைப் பார்த்துக்கொண்டு வருஷத்துக்கு ஒருவரை அனுப்பும்; படிக்கும் காலத்தில் பாதிச் சம்பளம்தான் வரும். மகள் பாலிடெக்னிக் முடித்து வேலைக்குப் போனதும் அவள் சேர்வது என்று நாங்கள் பேசிவைத்திருந்தோம். மகள் வேலைக்குப் போய்த் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ள ஆரம்பித்த சமயத்தில்தான் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது நானும் சம்பளம் இல்லாமல் படிக்கிறேன் என்கிறேன்.

"ஒரு வீட்டுல ஒரே சமயத்துல ரெண்டு பேர் படிக்க முடியாதுலா. நீங்க முதல்ல முடிங்க. நான் அப்புறம் போய்க்கிறேன்" என்றாள்.

அவ்வளவுதான் ஒப்பந்தம். என் இரண்டு வருஷம் முடிந்ததும் அவளுடைய இரண்டு வருஷம். அவளுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது.

வகுப்பு லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில், கடைவீட்டின் மாடியில் சனிக்கிழமைகளில் நடந்தது. கீழே காய்கறிக் கடை. முருங்கைக்காய்க் கட்டுகளைத் தாண்டித்தான் படியேற வேண்டும். நாங்கள் பன்னிரண்டு பேர். என் பக்கத்து நாற்காலி ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்து அம்மாளுக்கு. அவர் இங்கேயே பிறந்து, வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். எத்தனை மாதமாக இதில் இருக்கிறீர்கள் என்று முதல் நாள் பேச்சுக்குக் கேட்டேன். எட்டு வருஷம் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எட்டு வருஷத்தில் ஒரு பிள்ளை இரண்டாம் வகுப்புக்குப் போய்விடுமே என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். பாவம், மந்தம் போலிருக்கிறது என்றும் நினைத்தேன். இன்றைக்கு அதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

பொய்க் காசில் பழகிய நான்கு மாதம் நான் ராஜா. ஜப்பான் பங்குச் சந்தைக் குறியீடு ஏறும் என்றால் வாங்குவது, இறங்கும் என்றால் விற்பது. கைப்பேசியில் ஒரு தட்டு தட்டினால் போதும். காலையில் மனைவி ஆறு மணிக்கு வேலைக்குக் கிளம்புவாள், நான் காப்பியோடு சாப்பாட்டு மேசையில் உட்காருவேன். அங்கே சந்தை திறந்து மதியம் வரை நடக்கும். ஒரே மாதத்தில் பொய்க் காசை இரட்டிப்பாக்கினேன். அவள் திரும்பி வந்ததும் காட்டுவேன். அவளும் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டுக்கொள்வாள்.

நிஜக் காசைப் போட்டதும் அதே ஆள், அதே மேசை, அதே காப்பி. ஆனால் கை மட்டும் வேறு யாருடைய கையோ போல ஆகிவிட்டது. கொஞ்சம் லாபம் தெரிந்தால் போய்விடுமோ என்று பதறி உடனே வெளியே வந்துவிடுவேன். நட்டம் வந்தால் திரும்பும் திரும்பும் என்று மடியில் போட்டுத் தாலாட்டுவேன். வகுப்பில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்த பாடம் இதற்கு நேர் எதிர். உள்ளே போகும்போதே, இத்தனை சிங்கப்பூர் வெள்ளி நட்டமானால் வெளியேறிவிடுவேன் என்று ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். ஸ்டாப் லாஸ் என்று அதற்குப் பெயர். கோட்டைத் தொட்டால் யோசிக்காமல் வெளியே வந்துவிட வேண்டும். ஒரு பரீட்சை வைத்திருந்தால் நூற்றுக்கு நூறு வாங்கியிருப்பேன். மண்டைக்கு ஏறியது விரலுக்கு இறங்கவில்லை.

அந்தக் கோட்டைக் கைப்பேசியிலேயே போட்டுவைக்கலாம், அதுவே நம்மை வெளியேற்றிவிடும். நானும் போட்டேன். இரண்டு முறை என்னை வெளியேற்றிய பத்தாவது நிமிஷம் சந்தை திரும்பி மேலே போனது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இனிமேல் கோடு என் மனதில் இருக்கும், நானே வெளியேறுவேன் என்று தானியங்கியை எடுத்துவிட்டேன். இருபத்தொரு வருஷம் ஆட்களை வேலை வாங்கியவன், ஒரு மென்பொருளிடமா கைகட்டி நிற்பேன்?

இந்த இடத்தில் ராகு காலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பெரிய பக்திமான் ஒன்றுமில்லை. ஆனால் ராகு காலம் பார்ப்பேன். பட்டறையில் கப்பலைத் தண்ணீரில் இறக்கும் நேரத்தைக் குறிக்கும்போதும் பார்த்திருக்கிறேன். என் மேனேஜர் சீனர், அவர் தன் பங்குக்கு ஒரு நாள் பார்ப்பார். இரண்டு பேருக்கும் ஒத்துவருகிற நேரத்தில் கடலில் நீர்மட்டமும் ஏறியிருக்க வேண்டும். அந்தப் பொருத்தத்தைப் பார்ப்பதற்கே எனக்குத் தனியாகச் சம்பளம் கொடுத்திருக்கலாம். அந்தப் பழக்கத்தில் டிரேடிங் அட்டவணையிலும் ராகு காலத்தைச் சிவப்பில் கோடு போட்டுவைத்தேன். மளிகைக் கடையில் வருஷப் பிறப்புக்குக் கொடுக்கும் நாள்காட்டி, சமையலறைச் சுவரில் தொங்கும், அதில் பார்த்துத்தான். அந்த நேரத்தில் புதிதாக எதையும் வாங்குவதில்லை.

பதினான்காவது மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. பத்து மணி வாக்கில் வாங்கினேன். அதற்கு முன் மூன்று நாள் தொடர்ந்து லாபம், தலை கால் புரியவில்லை. வழக்கமாகப் போடுவதைப் போல நான்கு மடங்கு போட்டேன். பத்து நிமிஷத்தில் இறங்க ஆரம்பித்தது. மனதில் போட்டிருந்த கோட்டைத் தொட்டபோது மணியைப் பார்த்தேன். பத்து முப்பத்திரண்டு. நாள்காட்டியில் வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரை முதல் பன்னிரண்டு.

விரலைத் திரையின் மேல் வைத்துக்கொண்டு எனக்குள் ஒரு வழக்கு நடந்தது. ராகு காலத்தில் எதையும் தொடங்கக் கூடாது, சரி. ஆனால் முடிக்கலாமே? முடிப்பதும் ஒரு காரியம்தானே, அதையும் இந்த நேரத்தில் ஏன் செய்ய வேண்டும்? ஒன்றரை மணி நேரம்தானே. பன்னிரண்டு மணிக்குப் பார்த்துக்கொள்ளலாம். அதற்குள் திரும்பினாலும் திரும்பும். தீர்ப்பு எனக்குச் சாதகமாகவே வந்தது.

பதினொரு மணிக்கு நட்டம் கோட்டைப் போல மூன்று மடங்கு. பதினொன்றரைக்கு நான் திரையைக் கவிழ்த்துவைத்துவிட்டு சமையலறைக்குப் போய், கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவினேன். பன்னிரண்டு அடித்து இரண்டு நிமிஷம் கழித்து வெளியே வந்தேன். பட்டறை கொடுத்து, பதினான்கு மாதமாகக் கட்டிக் காத்த தொகையில் பாதிக்கு மேல் போயிருந்தது. அது என் பணம் மட்டுமா? அவள் இடுப்பு ஒடிய வேலை பார்த்ததால் தொடாமல் இருந்த பணம்.

மறுநாள் வகுப்பில் அக்காவிடம் மட்டும் சொன்னேன். எவ்வளவு போனது என்று அவர் கேட்கவில்லை. வேறொன்று கேட்டார்.

"தம்பி, உங்கட கலண்டர் எங்க அச்சடிச்சது?"

சிவகாசி என்றேன். அவர் கைப்பையிலிருந்து ஒரு சின்னப் பஞ்சாங்கத் தாளை எடுத்துக் காட்டினார், இங்கே கோவிலில் அச்சிட்டது, கீழே காய்கறிக் கடையில் சாமானோடு கொடுத்ததாம். ராகு காலம் சூரிய உதயத்தை வைத்துக் கணக்கிடுவது. அங்கே ஆறு மணிக்கு விடிந்தால் இங்கே ஏழு மணிக்கு. சிங்கப்பூரில் வெள்ளிக்கிழமை ராகு காலம் பதினொன்றரைக்குத் தொடங்கி ஒரு மணிக்கு முடிகிறது. அதாவது நான் நட்டத்தை முடித்துக்கொண்டு வெளியே வந்த பன்னிரண்டு இரண்டுதான் நட்டநடு ராகு காலம். இருபத்தொரு வருஷமாக எத்தனை கப்பலை அந்த நேரத்தில் தண்ணீரில் இறக்கினேனோ, ஒன்றும் மூழ்கவில்லை.

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் பார்க்காத மாதிரி புத்தகத்தைப் புரட்டினார். பிறகு அவருடைய கதையைச் சொன்னார். மூன்றாவது வருஷத்தில் அவரும் இப்படி ஒரு நாள் பாதிக்கு மேல் இழந்தாராம். அவருக்கு ராகு காலம் இல்லை, தேவாலயத்துக்குப் போகும் பழக்கம். ஜெபம் பண்ணிவிட்டு வந்து முடிக்கலாம் என்று போனாராம். நாங்கள் இருவருமே செய்தது ஒன்றுதான்; பொத்தானை அழுத்தாமல் இருக்க ஒரு காரணம் தேடினோம், வீட்டிலேயே ஒன்று கிடைத்தது. நாள்காட்டி இல்லாவிட்டால் நான் பூனை குறுக்கே போனது என்றிருப்பேன். அதனால் ராகுவின் மேல் பழிபோட எனக்கு மனம் வரவில்லை.

மனைவியிடம் உண்மையைச் சொல்லவில்லை. கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அப்புறம் மூன்று நான்கு வாரம் நான் ஒரு நல்ல மனிதனாக இல்லை. சவரம் செய்யவில்லை. மேல் வீட்டுக்காரர் துணி காயப்போட்டுத் தண்ணீர் சொட்டியதற்குச் சண்டைக்குப் போனேன். சாம்பாரில் உப்பு குறைவு என்று தட்டைத் தள்ளினேன். அவள் ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்டும் எடுத்துக்கொண்டாள். கேட்டதற்கு, ஆள் பற்றாக்குறை என்றாள். நானும் நம்பினேன், நம்புவது வசதியாக இருந்தது.

அதன் பிறகுதான் நிஜமாகக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். தொகையைப் பழையபடி சின்னதாக்கினேன். லாபம் சம்பாதிப்பதை விட்டுவிட்டு நட்டத்தை முடிக்க மட்டும் பழகினேன். கோட்டைத் தொட்டதும் வாய்விட்டு "சரி" என்று சொல்லி அழுத்துவேன். யாரும் இல்லாத வீட்டில் ஒரு ஆள் காலையெல்லாம் சரி, சரி என்று சொல்லிக்கொண்டிருந்தால் பக்கத்து வீட்டில் என்ன நினைத்திருப்பார்களோ. முதலில் ஒவ்வொரு சரிக்கும் பல்லைக் கடித்தேன். பிறகு சும்மா முகம் சுளித்தேன். பத்தொன்பதாவது மாதம் ஒரு நாள், அழுத்திவிட்டுக் காப்பியைக் குடித்தபோதுதான் கவனித்தேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தக் காப்பியின் ருசி இன்னும் நினைவிருக்கிறது.

அங்கிருந்து ஆறு மாதம், மாதா மாதம் கொஞ்சம் மிஞ்சியது. பெரிதாக ஒன்றுமில்லை; ஒரு மாத மளிகைக்குத் தேறும். ஆனால் கை வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. மிதிவண்டி பழகும் பிள்ளைக்கு, பிடித்திருந்தவர் கையை எடுத்துவிட்டார் என்று புரியும் அந்தக் கணத்தைப் போல இருந்தது. நாற்பத்தொன்பது வயதில் அப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. டிரேடிங் கற்றுக்கொள்ள எத்தனை நாள் என்று யாராவது என்னைக் கேட்டால் இப்போது சொல்வதற்கு எண் ஏதும் இல்லை. படிக்கச் சில மாதம் போதும். தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ளும் வழிகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்துபோக வேண்டும், அது ஆளைப் பொறுத்தது. அக்காவுக்கு எட்டு வருஷத்துக்குப் பிறகும் ஒன்றிரண்டு பாக்கி இருந்தன. என்னிடம் இன்னும் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்த்ததில்லை.

சிக்கல் என்னவென்றால், இருபத்து நான்கு மாதமும் முடிந்து ஒரு மாதம் கூடிவிட்டது. அவள் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. ஆனால் ஒரு புது அட்டவணை போட்டுவைத்திருந்தேன். இன்னும் ஒரு வருஷம், அதோடு மூன்றில் ஒரு பங்கு, ஆக பதினாறு மாதம். இப்போது நிறுத்தினால் பழகிய கை மறந்துபோகும் என்று நிஜமாகவே பயந்தேன். ஒரு புதன்கிழமை சாயங்காலம் அவளிடம் கேட்பது என்று முடிவு செய்தேன். கேட்டால் அவள் மாட்டேன் என்று சொல்லமாட்டாள். அது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது, அதுதான் அசிங்கம்.

அந்தப் புதன்கிழமை அவள் முழங்கால் பட்டையை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போயிருந்தாள். மதியம் சந்தை ஓய்ந்ததும் அதை எடுத்துக்கொண்டு இல்லத்துக்குப் போனேன். அத்தனை வருஷத்தில் வாசலோடு திரும்பியிருக்கிறேனே தவிர, உள்ளே போனது அதுதான் முதல் தடவை. வரவேற்பில் இருந்த மேற்பார்வை நர்ஸ் நான் யாரென்று சொன்னதும், மனைவிக்குக் கொஞ்சம் நினைவுபடுத்துங்கள், விண்ணப்பத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்றார். என்ன விண்ணப்பம் என்று எனக்குத் தெரியவில்லை. தலையாட்டிவிட்டு உள்ளே போனேன்.

ஒரு முதியவரின் கட்டில் பக்கத்தில் அவள் நின்றிருந்தாள். அவருடைய இடுப்பில் படுக்கைப் புண்ணுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தது ஒரு இளம் நர்ஸ், எங்கள் மகளைவிட ஒரு வயது கூட இருக்கலாம். பழைய கட்டை எடுக்கும்போது ஒட்டுப்பட்டை தோலோடு சேர்ந்து இழுத்தது. முதியவர் முனகினார். என் மனைவி குனிந்து, இந்தப் பக்கமிருந்து தோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு மெதுவாக மடக்கி எடுத்தால் வலிக்காது என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கையை நீட்டினாள். அந்தப் பெண் கெட்டவளில்லை. உங்களைச் செய்யவிட்டால் எனக்குத் திட்டு விழும், உங்களுக்கு அனுமதி இல்லை என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். என் மனைவி உடனே சரி சரி என்று பின்னால் நகர்ந்து, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். முதியவர் நர்ஸைப் பார்க்கவில்லை. இவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பதின்மூன்று வருஷம் தெரிந்த வேலை. எனக்கு இன்னும் தெரியாத வேலைக்காக அவள் அங்கே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். என்மேல் எனக்கே ஆத்திரமாக வந்தது. பட்டையை வரவேற்பில் கொடுத்துவிட்டு அவள் பார்ப்பதற்குள் வெளியே வந்துவிட்டேன்.

அவள் நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்தாள். பையை வைப்பதற்குள் கேட்டேன், "ஃபார்ம் எங்க?"

எந்த ஃபார்ம் என்றாள். மேற்பார்வை நர்ஸ் சொன்னதைச் சொன்னேன். அவள் முகம் மாறியது, திருடியதைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி. சும்மாதான் கொடுத்தார்கள், அதற்கென்ன அவசரம், இப்போதுதானே உங்களுக்கு நன்றாக வந்துகொண்டிருக்கிறது என்று ஏதேதோ சொன்னாள். இடையில் நிறுத்தினால் மறந்துபோகாதா என்றும் கேட்டாள். என் பயத்தை நான் அவளிடம் சொன்னதே இல்லை. எப்படியோ அவளுக்குத் தெரிந்திருந்தது.

"மறந்தா மறக்கட்டும். நான் வேலைக்குப் போறேன். துவாஸ்ல ஒரு கான்ட்ராக்டர் ரெண்டு வாட்டி கூப்பிட்டார். நீ போய்ப் படி."

"உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்."

"இருக்கும்" என்றேன். பொய் சொல்லத் தோன்றவில்லை.

போன வருஷம் அந்த வெள்ளிக்கிழமை இழந்த தொகையையும் அப்போதே சொன்னேன், ஒரு வெள்ளி குறைக்காமல். அவள் கேட்டுக்கொண்டாள். திட்டவில்லை. அலமாரியைத் திறந்து புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு உறையை எடுத்தாள். இரண்டு பக்க விண்ணப்பம். மேசையில் உட்கார்ந்து, நான் காலையெல்லாம் உட்காரும் அதே நாற்காலியில், ஒவ்வொரு எழுத்தாக நிதானமாக நிரப்பினாள். நான் தேநீர் போட்டேன். முடித்ததும் தாளை என் பக்கம் தள்ளினாள். ஆங்கிலத்தில் எழுதும் எதையும் நான் ஒரு முறை பார்த்துத் திருத்திக் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம்.

பேனாவோடு படித்துக்கொண்டே போனேன். இதற்கு முன் இந்தப் படிப்புக்கு விண்ணப்பித்ததுண்டா என்று ஒரு கேள்வி. ஆம் என்று குறித்திருந்தாள். முடிவு என்ன என்ற இடத்தில், இடம் கிடைத்தது, ஏற்கவில்லை என்று எழுதி மாதத்தையும் எழுதியிருந்தாள். போன வருஷம், அந்த வெள்ளிக்கிழமை வந்த அதே மாதம்.

நான் தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "என்கிட்ட சொல்லவே இல்லையே" என்றேன்.

"வருஷத்துக்கு ஒருத்தரைத்தானே அனுப்புறாங்க, போட்டுப் பார்த்தேன், கிடைச்சிருச்சு. ஆனா அப்ப நீங்க நல்லா இல்லை. அந்த நேரத்துல சொன்னா நீங்க விட்டுருவீங்க. விட்டுட்டு ஆயுசுக்கும் குமைஞ்சுக்கிட்டு இருப்பீங்க" என்றாள். கையைத் தேநீர்க் கோப்பையில் சூடாக்கிக்கொண்டிருந்தாள்.

என் நட்டங்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் பெரியது எதுவென்றே தெரியாமல் ஒரு வருஷம் இருந்திருக்கிறேன். அழக்கூடாது என்று பார்த்தேன், முடியவில்லை. அவள் எழுந்து வரவில்லை, அதுவும் நல்லதாகப் போயிற்று. மூக்கைத் துடைத்துக்கொண்டு மிச்சத்தையும் படித்தேன்.

கடைசிக் கேள்வி, இந்தப் படிப்பில் இப்போது சேர விரும்புவது ஏன் என்பது. நான்கு வரி எழுத இடம் விட்டிருந்தார்கள். அவள் ஒரே வரிதான் எழுதியிருந்தாள். என் கணவரின் படிப்பு நல்லபடியாக முடிந்துவிட்டது, இனி என் முறை என்று.

என் படிப்பு முடியவில்லை என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். பேனாவை மூடி, ஒரு எழுத்தைக்கூடத் திருத்தாமல் தாளை அவளிடம் கொடுத்தேன்.